செட்டிங்ஸைத் தொடாமல் விட்டாலே போதும்: பிபிஎஸ்எஸ்பிபி விமர்சனம்

யூடியூபில் "பிபிஎஸ்எஸ்பிபி பெஸ்ட் செட்டிங்ஸ், நோ லேக்" என்று தேடினால் வரிசையாக வீடியோக்கள் வந்து விழும். அவற்றில் பலவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எமுலேட்டரைக் கெடுத்துத் தருபவை. சோனியின் கையடக்க கேம் கருவியான பிஎஸ்பியின் கேம்களைப் போனில் ஓட்டும் இந்த ஆப்பை நிறுவியபடியே விட்டால் பெரும்பாலான கேம்களை ஒழுங்காக ஓட்டிவிடும். தொட வேண்டிய செட்டிங் மூன்றோ நாலோதான். அதற்கு மேல் தொல்லை வந்தால் அநேகமாக ஆப்பின் மேல் குற்றமில்லை. இறக்கிய ஃபைல், ப்ளூடூத் இயர்பட்ஸ், கண்ணாடித் திரையில் வழுக்கும் கட்டைவிரல் என்று வேறெங்கோதான் கோளாறு இருக்கும்.

பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. உச்சத்தில் 333 மெகாஹெர்ட்ஸ் ஓடும் மிப்ஸ் பிராசஸர், முதல் மாடலில் 32 எம்பி ரேம், பிஎஸ்பி-2000 என்ற அடுத்த மாடலிலிருந்து 64 எம்பி, 480க்கு 272 பிக்சல் திரை, அதிகபட்சம் 1.8 ஜிபி கொள்ளும் யுஎம்டி டிஸ்க். இன்றைய சாதாரண போனுக்கு இது பெரிய சுமையில்லை. ஆனாலும் இதே காலத்து வேறு கருவிகளின் எமுலேட்டர்கள் திணறும்போது இது மட்டும் லேசாக ஓடுவதற்கு, எழுதப்பட்ட விதமும் காரணம். ஒரு கேம் "இந்த ஃபைலைத் திற", "இந்த ஒலியைப் போடு" என்று பிஎஸ்பியின் உள் மென்பொருளைக் கேட்கும்போது, அதற்குப் பதில் சொல்வது எமுலேட்டர் தானே எழுதி வைத்திருக்கும் மாற்று. சோனியின் சிஸ்டம் மென்பொருளை வரிக்கு வரி ஓட்டும் வேலையே கிடையாது. அதனால் கருவியின் சொந்த சிஸ்டம் மென்பொருளான பயாஸ் ஃபைலும் வேண்டாம். பிளேஸ்டேஷன் 1 எமுலேட்டருக்கு 512 கேபி பயாஸைத் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கேமின் மிப்ஸ் கட்டளைகளும் ஓடும்போதே போனின் ஆர்ம் கட்டளைகளாக மாற்றப்படுகின்றன.

உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஹென்ரிக் ரீட்கோர்ட். கேம்கியூப் எமுலேட்டரான டால்ஃபினைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிபிஎஸ்எஸ்பிபியின் முதல் வெளியீடு 2012 நவம்பரில். அன்றிலிருந்து ஓப்பன் சோர்ஸாகவே இருக்கிறது, விளம்பரம் எதுவும் கிடையாது. பிளே ஸ்டோரில் நீல ஐகானோடு இலவசப் பதிப்பு, தங்க நிற ஐகானோடு காசு கொடுத்து வாங்கும் கோல்டு பதிப்பு என இரண்டு உண்டு. வசதியில் இரண்டும் ஒன்றே. இவை தவிர "புரோ", "மோட்", "2 ஜிபி கேம் ஃப்ரீ" என்று வெளியே சுற்றும் ஏபிகே எதையும் போனில் ஏற்ற வேண்டாம்.

முதல் திரையிலேயே ஒரு பொறி

ஆண்ட்ராய்டு 11 முதல், ஆப்பைத் திறந்ததும் சேவ் ஃபைல்களை எங்கே வைப்பது என்று கேட்கும். "ஆப் பிரைவேட் டேட்டா" என்பதை அழுத்தினால் உடனே வேலை முடிந்துவிடும், ஆனால் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்த அன்றைக்கு சேவ் எல்லாம் கூடவே போய்விடும். ஆறு மாதம் கழித்து "சேவ் போச்சு" என்று புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே அவசரப்பட்டவர்கள். "கிரியேட் ஆர் சூஸ் எ பிஎஸ்பி ஃபோல்டர்" என்பதைத் தேர்ந்தெடுத்து, போனின் மெமரியில் புதிதாக "பிஎஸ்பி" என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ மெமரியின் அடித்தளத்தையோ நேரடியாகக் காட்ட முடியாது. அது ஆப்பின் பிழையில்லை, ஆண்ட்ராய்டு அனுமதிப்பதில்லை. கேம் ஃபைல்களை வேறொரு ஃபோல்டரில், எஸ்டி கார்டில்கூட வைத்துக்கொள்ளலாம். கேம்ஸ் டேபில் பிரவுஸ் அழுத்தி அந்த ஃபோல்டருக்கு ஒரு தடவை அனுமதி கொடுத்தால் போதும்.

கேம் எங்கிருந்து வருகிறது

ஆப்போடு கேம் எதுவும் வராது. சொந்த யுஎம்டியிலிருந்து எடுப்பதுதான் நேரான வழி, அது நினைப்பதைவிடச் சுலபம். பழைய பிஎஸ்பியில் கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது வெளியார் மாற்றியமைத்த சிஸ்டம் மென்பொருள், ஏற்றியிருக்க வேண்டும். டிஸ்க்கைப் போட்டு, முகப்பு மெனுவில் செலக்ட் பட்டனை அழுத்தினால் ஒரு சிறு மெனு வரும். அதில் யுஎஸ்பி டிவைஸ் என்ற வரியை மெமரி ஸ்டிக்கிலிருந்து யுஎம்டி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். பிறகு செட்டிங்ஸில் யுஎஸ்பி கனெக்ஷன் கொடுத்துக் கணினியில் செருகினால், டிரைவ் ஒன்று திறந்து அதற்குள் டிஸ்க்கின் முழு நகலான ஒரே ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் நிற்கும். அதைக் காப்பி செய்தால் வேலை முடிந்தது.

இதற்காகப் பழைய பிஎஸ்பி வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்க மூடியைப் பாருங்கள். மூடி சரியாக உட்காராமல் தூக்கி நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டு 5 வோல்ட் சார்ஜரிலேயே கருவியை ஓட்டலாம், டிஸ்க்கை காப்பி எடுக்க அது போதும். யுஎம்டியின் பிளாஸ்டிக் உறை இரண்டாகப் பிளந்திருந்தால் உள்ளே இருக்கும் வட்டில் கீறல் விழாதவரை பயமில்லை. உறையின் விளிம்பை மட்டும் ஒட்டிவிட்டால் படிக்கும்.

ஐஎஸ்ஓவை அப்படியே போடலாம், இடம் பற்றாவிட்டால் சிஎஸ்ஓவாகச் சுருக்கலாம். 1.17 பதிப்பிலிருந்து இன்னொரு சுருக்க வகையான சிஎச்டி ஃபைலும் திறக்கிறது. ஆனால் சிஎச்டியாக மாற்றும்போது டிவிடி வகையாக மாற்ற வேண்டும். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்குக்குச் செய்கிற பழக்கத்தில் சிடி வகையாக மாற்றினால், கேம் ஓடும், ஆனால் ஒவ்வொரு தடவை டிஸ்க்கைப் படிக்கும்போதும் தேவைக்கு மேல் பிரித்துப் படிக்க வேண்டியிருப்பதால் நடுநடுவே விக்கும்.

இணையத்தில் "ஹைலி கம்ப்ரெஸ்டு, 80 எம்பி" என்று கிடைப்பவை பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை ஜிபி கேமை எந்தச் சுருக்க முறையாலும் 80 எம்பிக்குக் கொண்டுவர முடியாது. வீடியோ, இசை, குரல் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தால்தான் அந்த அளவு வரும். அப்படிப் பிடுங்கிய கேம், கதைக் காட்சி வர வேண்டிய இடத்தில் அந்த ஃபைலைத் தேடி, கிடைக்காமல் கறுப்புத் திரையில் உறைந்து நிற்கும். பழி எமுலேட்டர் மேல் விழும். இன்னொரு கூத்து, பிஎஸ்பிக்கு வராத கேம்களைப் பிஎஸ்பி கேம் என்று விற்பது. ஜிடிஏ வரிசையில் பிஎஸ்பிக்கு வந்தவை லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ், வைஸ் சிட்டி ஸ்டோரீஸ், சைனாடவுன் வார்ஸ் ஆகியவைதான். சான் ஆண்ட்ரியாஸ் வரவே இல்லை. காட் ஆஃப் வாரில் செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ் (2008), கோஸ்ட் ஆஃப் ஸ்பார்ட்டா (2010) என்ற இரண்டு மட்டுமே, 2, 3 எல்லாம் கிடையாது. பெயரில் இந்த வருடத்தைப் போட்டு உலவும் கால்பந்து கேம்கள் பழைய பிஇஎஸ் (புரோ எவல்யூஷன் சாக்கர்) கேம் ஒன்றின் மேல் புது ஜெர்சியும் புதுப் பெயர்களும் ஒட்டியவை. அவை ஓடக்கூடியவைதான். கூடவே வரும் டெக்ஸ்சர்ஸ் ஃபோல்டரைப் பிஎஸ்பி ஃபோல்டருக்குள் சரியான இடத்தில் வைத்து, டெவலப்பர் டூல்ஸில் ரீப்ளேஸ் டெக்ஸ்சர்ஸை ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய ஜெர்சியே தெரியும்.

பிஎஸ்பி கடையில் வாங்கிய பிளேஸ்டேஷன் 1 கேம்கள் இதில் ஓடாது. நிஜப் பிஎஸ்பிக்குள் அதற்கென்று சோனியே ஒரு தனி எமுலேட்டரை வைத்திருந்தது, பிபிஎஸ்எஸ்பிபியில் அது இல்லை. அவற்றுக்குப் பல கருவிகளின் கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச் என்ற ஆப் பக்கம் போக வேண்டும்.

தொட வேண்டியவை, தொடக் கூடாதவை

கிராபிக்ஸில் முதல் வரி பேக்எண்ட், படத்தை எந்த வழியில் வரைவது என்பது. வல்கன், ஓப்பன்ஜிஎல் என்று இரண்டு உண்டு. பெரும்பாலான போன்களில் வல்கனே வேகம். உருவங்கள் கறுப்பாகத் தெரிந்தாலோ, கேம் திறந்ததும் ஆப் மூடிக்கொண்டாலோ ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றிப் பாருங்கள். விலை குறைந்த போன்களின் கிராபிக்ஸ் டிரைவரில் உள்ள பிழைகள்தான் இதற்குக் காரணம், போன் கம்பெனி அப்டேட் தராதவரை அவை அப்படியே கிடக்கும்.

அடுத்தது ரெண்டரிங் ரெசல்யூஷன். ஒரு மடங்கு என்றால் நிஜப் பிஎஸ்பியின் 480க்கு 272. 2 மடங்கு 960க்கு 544, 3 மடங்கு 1440க்கு 816, 4 மடங்கு 1920க்கு 1088. போன் திரை 1080பி என்றால் 4 மடங்குக்கு மேல் போவதில் கண்ணுக்குத் தெரியும் லாபம் சொற்பம், சூடு மட்டும் ஏறும். 720பி திரைக்கு 3 மடங்கே அதிகம். போன் திணறினால் முதலில் குறைக்க வேண்டியது இதைத்தான். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போன்களில் 2 மடங்கில் வைத்தால் பெரும்பாலான கேம்கள் முழு வேகத்தில் போகும். காட் ஆஃப் வார் இரண்டும் விதிவிலக்கு. பிஎஸ்பியையே மூச்சு வாங்க வைத்த கேம்கள் அவை. பெரிய சண்டைகளில் நிஜக் கருவியிலும் ஃபிரேம் இறங்கும். போனில் இறங்கினால் எமுலேட்டரைத் திட்டிப் பயனில்லை.

வீடியோக்கள் ஆன் செய்யச் சொல்பவை வேறு. முதலாவது ஃபிரேம் ஸ்கிப்பிங். அதை 1 என்று வைத்தால் இரண்டு படத்துக்கு ஒன்றை வரையாமல் விட்டுவிடும். ஸ்பீடு 100 சதவீதம் என்று காட்டும், கண்ணுக்கோ கேம் வெட்டி வெட்டிப் போகும். இரண்டாவது ஸ்கிப் பஃபர் எஃபெக்ட்ஸ். கேம் ஒரு காட்சியை முதலில் நினைவகத்தில் வரைந்து, அதன்மேல் மங்கல், நிழல், ஒளிவட்டம் எல்லாம் சேர்த்து, பிறகு திரைக்கு அனுப்பும். இந்தச் செட்டிங் நடுவில் உள்ள அந்த வேலையைத் தாண்டிவிடுகிறது. வேகம் கூடும் என்பது உண்மை. நிழல் காணாமல் போவதும், மெனுவின் பின்னணி கறுப்பாவதும், சில கேம்களில் திரை முழுக்க இருண்டு சத்தம் மட்டும் கேட்பதும் உண்மை. மிகப் பழைய போனில் கடைசி வழியாக மட்டும் இதைத் தொடுங்கள். மூன்றாவது பிஎஸ்பி சிபியூ கிளாக்கை மாற்றுவது. அதை 333க்கு மேல் ஏற்றினால் போன் வேகமாகாது. கேம் ஒரு நொடிக்குள் கூடுதல் வேலை கேட்கும், அதைச் செய்ய வேண்டியது உங்கள் போன், அதனால் மெதுவாகும். 30 ஃபிரேம் கேமை 60 ஃபிரேமில் ஓட வைக்கும் சீட் போடுகிறவர்களுக்கு மட்டுமே அதில் காரியம் உண்டு.

எதை மாற்றினோம் என்றே மறந்து போனவர்கள் சிஸ்டம் பகுதியில் ரீஸ்டோர் டிஃபால்ட் செட்டிங்ஸ் அழுத்திவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது. ஒரே ஒரு கேமுக்கு மட்டும் மாற்றம் வேண்டுமென்றால் அந்தக் கேமின் படத்தை அழுத்திப் பிடித்து கிரியேட் கேம் கான்ஃபிக் கொடுங்கள். அதன்பின் அங்கே மாற்றுவது மற்றக் கேம்களைத் தொடாது.

நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) என்று காட்டும் எஃப்பிஎஸ் எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. பிஎஸ்பி கேம்களில் பல 30 ஃபிரேமில் ஓடவே எழுதப்பட்டவை. 30 என்று காட்டினால் அது குறையில்லை. பார்க்க வேண்டியது ஸ்பீடு சதவீதம். அது 100ல் நின்றால் எல்லாம் சரி. 100ல் நின்றும் ஓட்டம் சீராக இல்லாததுபோல் தோன்றினால் போனின் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 60 ஃபிரேமை 90 ஹெர்ட்ஸ் திரையில் காட்டும்போது ஒரு படம் ஒரு சுற்றும் அடுத்த படம் இரண்டு சுற்றும் நிற்கும், கேமரா பக்கவாட்டில் நகரும்போது இந்த ஏற்ற இறக்கம் கண்ணை உறுத்தும். 120 ஹெர்ட்ஸில் எல்லாப் படமும் இரண்டு சுற்று நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை. 90 ஹெர்ட்ஸ் போனைக் கேம் நேரத்துக்கு மட்டும் 60க்கு இறக்கிவிடுங்கள், பேட்டரிக்கும் நல்லது. முதல் அரைமணி நேரம் நன்றாக ஓடி, பிறகு திணறினால் அது சூடு. கவரைக் கழற்றுங்கள், சார்ஜில் போட்டபடி ஆடாதீர்கள்.

கட்டைவிரல் பிரச்சினை

இந்த ஆப்புக்கு ஐந்துக்கு நாலரை மார்க் தரலாம். அந்த அரை மார்க்கைத் தின்பது கண்ணாடித் திரை. வேகமான போனுக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கன்ட்ரோலருக்குப் போடுங்கள் என்பதுதான் எங்கள் தீர்ப்பு.

முதலில் தொடுதிரையிலேயே செய்யக்கூடியது. 2400க்கு 1080 திரையில் பிஎஸ்பி படம் 1906 பிக்சல் அகலத்துக்கு வரும், இரண்டு பக்கமும் 247 பிக்சல் கறுப்புப் பட்டை மிஞ்சும். ஆறரை அங்குலப் போனில் அது ஒன்றரை சென்டிமீட்டர். பட்டையை ஒழிக்கப் படத்தை இழுத்து விரிக்காதீர்கள். ஆட்கள் குண்டாகத் தெரிவது ஒருபுறம், விரல் வைக்கவென்று கிடைத்த இடமும் போய்விடும். எடிட் டச் கன்ட்ரோல் லேஅவுட்டில் போய் அனலாகையும் டி-பேடையும் இடது பட்டைக்கும், நான்கு பட்டன்களை வலது பட்டைக்கும் தள்ளுங்கள். முழுதாக அடங்காது, ஒரு வரிசைப் பட்டன் படத்தின் மேல் ஏறும், பரவாயில்லை. ஸ்டார்ட், செலக்ட்டைச் சின்னதாக்கி மேலே ஏற்றிவிடுங்கள், சண்டை நடுவே கைபட்டுக் கேம் நின்றுபோகாது.

எல், ஆர் பட்டன்களில்தான் சிக்கல் மூளும். நிஜப் பிஎஸ்பியில் அவை ஆள்காட்டி விரலுக்கு. போனில் எல்லாம் கட்டைவிரல் தலையில். வைப்அவுட் மாதிரி ரேஸில் எக்ஸ் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே வளைவில் ஆர் அழுத்தி ஏர்பிரேக் போட வேண்டும். திரையின் மேல் மூலையில் ஆர் இருந்தால் வலது கட்டைவிரல் எக்ஸை விட்டுவிட்டுத்தான் மேலே போகும், வண்டி வேகம் இழந்து சுவரில் உரசும். தீர்வு கஸ்டம் பட்டன். எக்ஸை ஒரு கஸ்டம் பட்டனாக வைத்து டாகிள் மோடை ஆன் செய்தால், ஒரு தட்டில் முடுக்கம் பிடித்துக்கொள்ளும், மறு தட்டில் விடும். கட்டைவிரல் ஆருக்குச் சும்மா இருக்கும். டெக்கனில் பிடித்து எறிய இடது கை, இடது கால் பட்டன்களான சதுரத்தையும் எக்ஸையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அந்த இரண்டையும் ஒரு கஸ்டம் பட்டனில் சேர்த்துக்கொள்ளலாம். டி-பேடில் ஸ்டிக்கி டி-பேடை ஆன் செய்தால் கால்வட்டம், அரைவட்டம் இழுக்கும்போது விரல் வட்டத்தை விட்டு வெளியே போனாலும் திசை அறுபடாது. புதிர் கேம்களில் நேர்மாறாக மூலைத் திசைகளையே அணைத்துவிடுங்கள். கட்டை கீழே இறங்க வேண்டிய நேரத்தில் பக்கவாட்டில் ஓடாது.

கன்ட்ரோலர் மாட்டினால் இந்தக் கதை எதுவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 முதல் பிஎஸ்4 பேடும், 12 முதல் பிஎஸ்5 பேடும் நேரடியாகச் சேர்கின்றன. பிஎஸ்4 பேடில் ஷேர், பிஎஸ் இரண்டையும் விளக்கு படபடவென்று மின்னும்வரை சேர்த்துப் பிடித்தால் ப்ளூடூத் பட்டியலில் வரும். போனை நடுவில் கவ்விக்கொள்ளும் டைப்-சி கன்ட்ரோலர் என்றால் தாமதமும் குறைவு. வாங்கும்போது சார்ஜ் போட அடியில் தனித் துளை இருக்கிறதா, உங்கள் போனின் கேமரா மேடு உள்ளே உட்காருமா என்று பார்த்து வாங்குங்கள்.

கன்ட்ரோலர் வந்ததும் பிபிஎஸ்எஸ்பிபியின் கன்ட்ரோல் மேப்பிங் நிஜக் கருவியையே மிஞ்சிவிடுகிறது. பிஎஸ்பியில் இருந்தது ஒரே ஒரு அனலாக். மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்டில் இடது கட்டைவிரலால் அனலாகை நகர்த்திக்கொண்டே, அதே கையின் ஆள்காட்டி விரலை நண்டுக் கொடுக்கு மாதிரி வளைத்து டி-பேடில் கேமராவைத் திருப்புவார்கள். இரண்டு மணி நேரம் ஆடினால் விரல் மரத்துப் போகும். இங்கே வலது ஸ்டிக்கின் நான்கு திசைகளையும் டி-பேடுக்குக் கொடுத்துவிட்டால் கேமரா வலது கைக்கு வந்துவிடும், டி-பேடின் பழைய வேலையும் அப்படியே இருக்கும், ஏனென்றால் ஒரே பிஎஸ்பி பட்டனுக்கு எத்தனை பட்டன் வேண்டுமானாலும் சேர்க்கலாம். மெட்டல் கியர் சாலிட் பீஸ் வாக்கரின் ஷூட்டர் வகைக் கன்ட்ரோலில் குறி பார்ப்பது முக்கோணம், சதுரம், வட்டம், எக்ஸ் பட்டன்களால். வலது ஸ்டிக்கை அந்த நான்குக்கும் கொடுங்கள். இரண்டிலும் ஒரு குறை, நிஜ அனலாக் மாதிரி மெல்லத் திருப்ப முடியாது. திரும்பினால் ஒரே வேகம்தான், கேமுக்குத் தெரிவது பட்டன் மட்டுமே. நடுவில் விட்ட ஸ்டிக் தானாக நகர்வதுபோல் இருந்தால் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் டெட்ஸோனைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

காதுக்கு

ஒலி எமுலேஷனில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை ப்ளூடூத்தில். பட்டாபான் என்ற தாளக் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். சதுரம், சதுரம், சதுரம், வட்டம் என்று தாளத்துக்குத் தட்டினால் படை முன்னே நடக்கும். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய அரை நொடி. ப்ளூடூத் இயர்பட்ஸ் ஒலியை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிந்திக் கொடுத்தாலே, காதுக்குச் சரியாகத் தட்டியது கேமுக்குப் பிந்தித் தட்டியதாகப் போகும். தாளம் தவறாமல் தட்டினால் கிடைக்கும் ஃபீவர் நிலை கைக்கு வரவே வராது. வயர் இயர்போன் அல்லது போனின் ஸ்பீக்கர், வேறு வழியில்லை. டைப்-சி துளையைக் கன்ட்ரோலர் அடைத்துக்கொண்டால், 3.5 எம்எம் ஜாக் வைத்த கன்ட்ரோலராகப் பாருங்கள்.

சேவும் சேவ் ஸ்டேட்டும்

கேமுக்குள் போய்ச் செய்யும் சேவ், பிஎஸ்பி ஃபோல்டரில் சேவ்டேட்டா என்ற இடத்தில் நிற்கும். நிஜக் கருவியின் சேவ் அமைப்பே இங்கும். மெமரி ஸ்டிக்கிலிருந்து அந்தக் கேமின் ஃபோல்டரை எடுத்துப் போனில் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஃபோல்டர் பெயரின் முதல் எழுத்துகள் ஒத்துப் போக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. யுஎல்யுஎஸ் என்று தொடங்கினால் அமெரிக்கப் பதிப்பு, யுஎல்இஎஸ் என்றால் ஐரோப்பியப் பதிப்பு. ஒன்றின் சேவ் ஃபைலை மற்றொன்று கண்டுகொள்ளாது.

சேவ் ஸ்டேட் வேறு சங்கதி. அந்தக் கணத்தின் நினைவகத்தை அப்படியே படம் பிடித்து வைப்பது. பெரிய எதிரியோடு மோதும் கடினமான சண்டைக்கு முன் ஒன்று போட்டுக்கொள்ளலாம், அதையே நம்பி வாரக்கணக்கில் ஆடக் கூடாது. எமுலேட்டர் பதிப்பு மாறும்போது பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். திறந்தாலும் பழைய பதிப்பின் பிழை அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும், புதுப் பதிப்பில் அது சரிசெய்யப்பட்டிருந்தாலும் உங்களுக்கு மட்டும் தொடரும். கேமில் சாதிப்பதற்குப் பதக்கம் தரும் ரெட்ரோஅச்சீவ்மென்ட்ஸ் வசதி 1.16ல் வந்தது. அதை ஹார்ட்கோர் மோடில் ஆடினால் ஸ்டேட்டை லோட் செய்ய விடாது, அப்போது கேம் சேவ் மட்டும்தான் துணை.

ஜப்பானியக் கேமில் எக்ஸை அழுத்தினால் மெனு பின்னால் போகிறது என்றால் பயப்பட வேண்டாம். அங்கே வட்டம்தான் "சரி". சிஸ்டம் பகுதியில் கன்ஃபர்மேஷன் பட்டனை மாற்றலாம். அது பிஎஸ்பியின் சொந்தத் திரைகளைத்தான் மாற்றும், கேமுக்குள் எழுதி வைத்ததை மாற்றாது.

இரண்டு போன், ஒரு ஹாட்ஸ்பாட்

அட்ஹாக் முறையில் அருகருகே உட்கார்ந்து ஆடும் வசதி வேலை செய்கிறது, ஆனால் வரிசையாகச் செய்ய வேண்டும். இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். நெட்வொர்க்கிங் பகுதியில் இரண்டிலும் நெட்வொர்க்கை ஆன் செய்யுங்கள். ஒரு போனில் மட்டும் பில்ட்-இன் அட்ஹாக் சர்வரை ஆன் செய்து, சர்வர் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று வையுங்கள். மற்றதில் முதல் போனின் ஐபி முகவரியைக் கொடுங்கள். போர்ட் ஆஃப்செட் இரண்டிலும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் மேக் முகவரி இரண்டிலும் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒரு போனின் செட்டிங் ஃபைலை இன்னொன்றுக்குக் காப்பி செய்தவர்கள் மாட்டுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான், இரண்டும் ஒரே ஆளென்று நினைத்து அறையில் ஒருவரை ஒருவர் பார்க்காது. கேம் இரண்டும் ஒரே நாட்டுப் பதிப்பாக இருப்பதும் நல்லது. தூரத்து நண்பரோடு இணையம் வழியாகவும் ஆடலாம் என்பார்கள். அட்ஹாக் ஒரே அறைக்காக எழுதப்பட்டது, சண்டைக் கேம்களில் அந்தத் தாமதம் பொறுக்க முடியாது. மான்ஸ்டர் ஹன்டர் ஓரளவு தாங்கும்.

ஐபோனில் 2024 மே மாதம் முதல் ஆப் ஸ்டோரிலேயே கிடைக்கிறது. ஆனால் கட்டளைகளை ஓடும்போதே மாற்றும் வேகமான முறைக்கு ஆப்பிள் அனுமதி தருவதில்லை. அதனால் அதே திறனுள்ள ஆண்ட்ராய்டு போனைவிட அதிகம் உழைக்கிறது. சமீபத்திய ஐபோன்களின் சிப் இதைத் தாங்கிவிடும், பழைய மாடல்களில் கனமான கேம்கள் தடுமாறும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

கோல்டு வாங்க வேண்டுமா என்றால், கேம் எதுவும் கூடுதலாக வேகமாகாது. பல வருடமாக ஒரே ஒழுங்கோடு அப்டேட் தரும் ஒருவருக்குக் கொடுக்கும் காசு அது, அவ்வளவே. இலவசப் பதிப்பிலிருந்து மாறும்போது புது ஆப்பின் முதல் திரையில் பழைய "பிஎஸ்பி" ஃபோல்டரையே காட்டுங்கள். சேவ், ஸ்டேட், கேம் கான்ஃபிக், கன்ட்ரோல் மேப்பிங் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, அப்படியே வந்துவிடும். முதல் நாள் பிரைவேட் டேட்டாவை அழுத்தியவர்கள் மட்டும் பழைய ஆப்பை எடுக்கும் முன் சிஸ்டம் பகுதியில் மெமரி ஸ்டிக் ஃபோல்டரை வெளியே மாற்றிக்கொள்ளுங்கள்.